முப்பத்தைந்தாம் சங்கீதத்தில் வைத்த தாள்

என்னுடைய வேதாகமத்தை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தால், அது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் பிளந்து விழும். பலருக்கு அப்படி விழும் பக்கம் இருபத்துமூன்றாம் சங்கீதமாகவோ யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரமாகவோ இருக்கும். திரும்பத் திரும்ப வாசித்ததால் தையல் தளர்ந்த பக்கங்கள் அவை. எனக்கு விழுவது சங்கீதம் 35. அதை அவ்வளவு வாசித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. நான்காக மடித்த ஒரு தாளை ஆறு ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதன் தடிமன்தான் புத்தகத்தின் முதுகை அந்த இடத்தில் அகட்டிவிட்டது.

அந்தத் தாள் ஒரு தணிக்கை அறிக்கையின் நகல். நான் அப்போது எங்கள் சபையின் பொருளாளராக இருந்தேன். வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்ததும், கமிட்டியில் என்னைவிட மூத்தவர் ஒருவர் எழுந்து, கட்டடப் பராமரிப்புக் கணக்கில் ஒரு தொகை இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதுபோல் தெரிகிறதே என்று கேட்டார். அது நியாயமான கேள்வியாக இருந்திருக்கலாம். ஆனால், "யாருடைய பணத்துக்கு யார் கணக்கு எழுதுவது என்று நமக்குத் தெரியவேண்டாமா" என்று கூடவே ஒரு வரியையும் சேர்த்தார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தணிக்கை நடந்தது. ஒரே வேலைக்கு இரண்டு தவணையாகக் கொடுத்த தொகை அது என்பதும், இரண்டுக்கும் ரசீது இருக்கிறது என்பதும் எழுத்தில் வந்தன. அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தார்கள். அந்த மனிதர் தலையசைத்தார். வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறிக்கையின் மூலப்பிரதி சபையின் கோப்பில் இருக்கிறது. எனக்கு நகல் தேவையே இல்லை. இருந்தும் எடுத்துக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தேடி, யோசித்தே முப்பத்தைந்தாம் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தேன். "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி, என்னோடு யுத்தம்பண்ணுகிறவர்களோடே யுத்தம்பண்ணும்" என்று அது தொடங்குகிறது. நான் அறியாததை என்னிடத்தில் கேட்கிறார்கள் என்ற முறையீடு பதினோராம் வசனத்தில் வருகிறது. எனக்காகவே எழுதிவைத்ததுபோல இருந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது பக்தியாக இருந்தது.

பாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நினைப்பது கடன், நோய், வேலையின்மை, பிள்ளைகளைக் குறித்த கவலை ஆகியவற்றை. அவை எல்லாம் உண்மையான பாரங்கள்தாம். ஆனால் அவற்றை இறக்கிவைக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறக்கிவைக்க வழி கிடைத்தால் அன்றே இறக்கிவிடுவோம். நான் சொல்ல வருவது வேறு வகைப் பாரம். அதைச் சுமக்கிறவனுக்கே அதன்மேல் ஒரு பிரியம் இருக்கும். யாராவது தொட வந்தால் அவன் சற்று விலகிக்கொள்வான்.

நான் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் தனியாக இருந்த நேரமெல்லாம் ஒரு நீதிமன்றமாக மாறியது. முகம் கழுவும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் இரவில் விளக்கை அணைத்த பிறகும் நான் பதில் பேசிக்கொண்டிருந்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை மாதக்கணக்கில் செப்பனிட்டேன். முதலில் அது நீளமாக இருந்தது, பிறகு கூர்மையானது, கடைசியில் ஐந்தாறு சொற்களில் அடங்கியது. ஆலயத்தில் அவர் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டே நான் இடம் தேடினேன். அவர் ஜெபிக்க எழுந்தால் என் மனம் அந்த ஜெபத்தைத் திருத்த ஆரம்பித்துவிடும். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது என்றால், அது அவர் காதில் விழுகிறதா என்று திரும்பிப் பார்ப்பேன்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பொருளாளர் பொறுப்பை அந்த ஆண்டே விட்டுவிட நினைத்திருந்தவன், விடவில்லை. இப்போது விட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று எண்ணி மேலும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்தேன். ஒவ்வொரு ரசீதையும் இரண்டு நகல் எடுத்தேன். வேறு யாரையும் கணக்கேட்டைத் தொடவிடவில்லை. சபையார் அதை உண்மையான ஊழியம் என்று பாராட்டினார்கள். அது ஊழியம் அன்று, ஒரு மனிதருக்கு எதிராக நான் நடத்திக்கொண்டிருந்த வழக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும். சரியாகச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியாது.

எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் முதல் வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பாரமான யாவற்றையும், நம்மைச் சுற்றி நெருங்கிநிற்கிற பாவத்தையும் தள்ளிவிட்டு" என்று அது சொல்கிறது. பாரம் வேறு, பாவம் வேறு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருப்பதை நான் கவனித்ததில்லை. பாவமாக இல்லாத ஒன்றும் ஓட்டத்தைக் கெடுக்கும் என்பது அதற்குள் இருக்கிறது. அங்கே பாரம் என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் ஓங்கோஸ். புதிய ஏற்பாட்டில் அந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. பருமன், கனம் என்பது அதன் பொருள். கிரேக்க எழுத்தாளர்கள் அதை வீக்கம், செருக்கு என்ற பொருளிலும் கையாண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் உடையைக்கூடக் களைந்துவிட்டு ஓடினார்கள். களையப்படும் உடை கெட்ட உடையாக இருக்கவேண்டியதில்லை. ஓடுகிறவனுக்கு அது கனம், அவ்வளவுதான். என் தணிக்கை அறிக்கை பொய் அன்று. அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரி. நான் நியாயவான் என்பதே என்னுடைய பாரமாக இருந்தது, அதில் வீக்கமும் இருந்தது.

மனஸ்தாபத்தைச் சுமப்பதில் இன்பம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல் அதை இறக்கிவைப்பதைப் பற்றிப் பேசுவது வீண். பாதிக்கப்பட்டவன் என்ற இடம் வசதியானது. அங்கே அமர்ந்திருக்கும்வரை நம்மிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நாமும் நம்மிடம் எதையும் கேட்டுக்கொள்ளவேண்டாம். ஏசாயா 46ஆம் அதிகாரம் பாபிலோனின் தெய்வங்களான பேலையும் நேபோவையும் ஒரு காட்சியாகக் காட்டுகிறது. அவற்றின் சிலைகளை இளைத்துப்போன மிருகங்களின் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள், மிருகங்கள் தள்ளாடுகின்றன. அடுத்து உடனே கர்த்தர் பேசுகிறார்: நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன், நான் ஏந்துவேன், நான் சுமப்பேன். ஒரு பக்கம் மனிதன் தூக்கித் திரியவேண்டிய தெய்வம், மறுபக்கம் மனிதனைத் தூக்கித் திரியும் தேவன். எது என் முதுகை வளைக்கிறதோ அதை நான் எந்தப் பெயரிட்டு வணங்குகிறேன் என்று அந்த அதிகாரம் கேட்கிறது. என் விஷயத்தில் அதற்கு நற்பெயர் என்று பெயர்.

ஆறாவது ஆண்டில் அந்த மனிதர் நோயில் விழுந்தார். அறுவைச் சிகிச்சை, நீண்ட நாள் படுக்கை. வாரத்தில் ஒரு நாளை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு அவருக்காக ஜெபிக்கவேண்டும் என்று போதகர் ஒரு பட்டியல் போட்டார். எனக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. மறுக்க முடியாது, மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். செவ்வாய் இரவு வேதாகமத்தை எடுத்தேன், அது வழக்கம்போல் பிளந்து விழுந்தது, தாளை எடுத்து ஓரமாக வைத்தேன். தாள் மறைத்திருந்த இடத்தில் பதின்மூன்றாம் வசனம் இருந்தது.

"அவர்கள் வியாதியாயிருந்தபோது இரட்டு என் உடுப்பாயிருந்தது, நான் உபவாசத்தால் என் ஆத்துமாவை உபத்திரவப்படுத்தினேன், என் ஜெபமும் என் மடியிலே திரும்பவந்தது."

அதற்கடுத்த வசனத்தில், அவனை என் சிநேகிதனாகவும் சகோதரனாகவும் பாவித்து நடந்துகொண்டேன் என்கிறான் சங்கீதக்காரன். யார்மேல் வழக்காடும்படி முதல் வசனத்தில் கேட்கிறானோ அவர்கள் வியாதிப்பட்டபோது அவன் துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணியான இரட்டு உடுத்தி, சாப்பிடாமல் இருந்திருக்கிறான். முதல் வசனத்தை அவன் வாயிலிருந்து கடன் வாங்கி ஆறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்; அதைச் சொல்ல அவனுக்கு இருந்த உரிமையை நான் கடன் வாங்கவில்லை. பதினோராம் வசனம்வரை வாசித்துவிட்டு, தாளை வைத்து, புத்தகத்தை மூடியிருக்கிறேன். அன்று நான் உபவாசம் இருக்கவில்லை, அழவும் இல்லை. அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு வலி குறையட்டும் என்று ஒரு வாக்கியம் ஜெபித்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பரிசுத்தமான எதுவும் அப்போது என்னுள் நடந்ததாகத் தெரியவில்லை; நல்லெண்ணமே இல்லாத ஒருவனுடைய ஜெபம் அது. பட்டியல் இருந்ததால் அடுத்த செவ்வாயும் செய்தேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையில் மிகவும் மெலிந்து கிடந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார்.

"வாங்க தம்பி, வாங்க. நீங்கதானே ரொம்ப வருஷமா சபைக் கணக்குப் பாக்குறீங்க? ரொம்பச் சுத்தமா எழுதுவீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"ஆமாங்கய்யா" என்றேன். அவர் நடிக்கவில்லை. அந்தக் கூட்டம், அந்த வரி, பின்வரிசைச் சிரிப்பு எதுவும் அவர் நினைவில் இல்லை. அந்தப் பாரத்தின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அங்கே யாரும் இல்லை. வெளியே வந்து படியில் சிறிது நேரம் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வந்தது நிம்மதி அன்று, கோபம். இவ்வளவு உழைத்துச் சுமந்ததை ஒருவர் எளிதாக மறந்துவிட்டாரே என்ற கோபம்! அந்தக் கோபத்தின் அபத்தம் எனக்கே புலப்பட்ட பிறகுதான் வேறு எதுவும் தொடங்கியது.

பாரத்தை இறக்கிவைப்பது பற்றிய வசனங்களில் நம்மவர்கள் அதிகம் மனப்பாடம் செய்திருப்பது சங்கீதம் 55:22: "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்." சுவரில் மாட்டும் வசனமாக இருப்பதால் அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை யாரும் பார்ப்பதில்லை. தன்னோடு தேவாலயத்துக்குக் கூடிப்போன நெருங்கிய தோழனே தனக்கு எதிரியானதைத் தாங்கமாட்டாமல், புறாவைப்போல் சிறகிருந்தால் பறந்துபோய்விடுவேனே என்று புலம்புகிறவனின் பாட்டு அது. ஆகவே அந்த வசனத்தில் உள்ள பாரம் பொதுவான உலகக் கவலை மட்டுமன்று. கூடியிருந்து ஆராதித்த ஒருவரால் வந்த காயமும் அதில் இருக்கிறது. அங்கே பாரம் என்று பெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. அவர் உனக்குக் கொடுத்தது, உன் பங்குக்கு வந்தது என்று அதற்குப் பொருள் காண்பவர்களும் உண்டு. கிரேக்கத்தில் அதை மொழிபெயர்த்தவர்கள் கவலை என்ற சொல்லைப் போட்டு, வினைக்கு எறிந்துவிடு என்று எழுதினார்கள். அதே வினையைத்தான் பேதுரு தன் முதல் நிருபத்தில், "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்னும் இடத்தில் எடுத்துக்கொள்கிறார். புதிய ஏற்பாட்டில் அந்த வினை இன்னும் ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது: எருசலேமுக்குள் இயேசு நுழைவதற்குமுன் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்களே, அங்கே. கழற்றி எறிந்த மேலாடை இனி நம் தோளில் இல்லை. அதன்மேல் அவர் ஏறி அமர்ந்துவிட்டார். கேட்டு வாங்கவும் முடியாது.

தமிழில் 'வைத்துவிடு' என்பது சற்று மென்மையாக ஒலித்தாலும், அதற்குள் விடு என்ற சொல் இருக்கிறது. வை என்று மட்டும் சொல்லியிருந்தால் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விடு என்ற துணைவினை செயல் முடிந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. கையை எடுத்துவிடு என்கிறது. நான் பல ஆண்டுகள் செய்தது வைப்பது மட்டும். ஞாயிறு காலையில் பீடத்தருகே வைத்து, பகல் உணவுக்குள் எடுத்துக்கொண்டுவிடுவேன்.

பேதுருவின் அந்த வாக்கியத்தில் இன்னொரு செய்தி தமிழில் மறைந்துபோகிறது. தமிழில் ஆறாம் வசனமும் ஏழாம் வசனமும் இரண்டு தனிக் கட்டளைகளாக நிற்கின்றன: அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள் என்பது ஒன்று, கவலைகளை அவர்மேல் வைத்துவிடுங்கள் என்பது இன்னொன்று. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வாக்கியம். கவலைகளை அவர்மேல் எறிந்தவர்களாய் அடங்கியிருங்கள் என்று அது ஓடுகிறது. அப்படியானால் கவலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அடங்காமை. நான் விட்டால் இது கெட்டுவிடும், நான் நியாயம் கேட்காவிட்டால் நியாயமே இராது என்ற எண்ணம் பணிவுள்ள பொறுப்புணர்ச்சியாகத் தோன்றும். அது அப்படியன்று என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

மன்னிப்பைப் பற்றிய உவமையில் மத்தேயு 18ஆம் அதிகாரம் இரண்டு கடன்களைச் சொல்கிறது: ராஜாவுக்கு ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அவனுக்கு உடன் ஊழியக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். பெரிய கடன் மன்னிக்கப்பட்டவன் சிறிய கடனை மன்னிக்க மறுத்துவிடுகிறான். கணக்கெழுதியவன் கை சும்மா இருக்காது. ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் ஆண்டுகள். இரண்டு கடன்களுக்கும் இடையே 6 லட்சம் மடங்கு. இந்த எண்ணைப் பார்த்து, ஆகவே நமக்குச் செய்யப்பட்ட தீங்கு ஒன்றுமேயில்லை என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. நூறு வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கூலி. கூலி வேலை செய்கிறவனுக்கு அது பெரிய தொகை. கடன் இல்லை என்று கர்த்தர் சொல்லவில்லை, அந்தத் தொகையைத் துல்லியமாகக் குறித்தே சொல்கிறார். காயம் காயம்தான். அதை ஏட்டில் எழுதி, கூட்டி, பிறகு அடித்துவிடச் சொல்கிறார். எழுதாமலே அடிப்பது மன்னிப்பாகாது, அது மறதி. படுக்கையில் கிடந்த அந்த மனிதருக்கு வாய்த்தது மறதி. எனக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு.

ஒருநாளில் இது நடந்துவிடவில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில், பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது என்று சொல்பவர்களை நான் சந்தேகிப்பதில்லை. என் அனுபவம் அதுவன்று. செவ்வாய் செவ்வாயாக, சில சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே மனிதரின் பெயரைத் தேவனுக்கு முன்பாகச் சொன்னேன். ஓராண்டுக்குப் பின் ஒருநாள் அந்தப் பழைய ஐந்தாறு சொற்களை நினைவுக்குக் கொண்டுவர முயன்றபோது நான்குதான் வந்தன.

அதே ஆண்டில் பொறுப்பையும் கைமாற்றினேன். மோசே, "எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது" என்று கர்த்தரிடம் முறையிடுவது எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் பகிர்ந்து சுமக்க எழுபது மூப்பர் நியமிக்கப்படுகிறார்கள். அந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது அதற்கடுத்த நிகழ்ச்சி. எல்தாத், மேதாத் என்னும் இருவர் பாளயத்திலேயே தங்கித் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். தடைபண்ணும் என்கிறான் யோசுவா. நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ என்று கேட்டு, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் அப்படியானால் நலமாயிருக்குமே என்கிறார் மோசே. இறக்கிய பாரம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்பது, அதை இன்னொருவர் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதில் தெரிந்துவிடுகிறது. எனக்குப் பிறகு வந்த தங்கை கணக்கை மடிக்கணினியில் எழுதுகிறார். என் பேரேட்டின் பத்திகள் எதையும் அவர் பின்பற்றவில்லை. முதல் மூன்று மாதம் நான் கேட்காமலே போய் யோசனை சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். மோசேயின் நிலைக்கு நான் வர இன்னும் தூரம் இருந்தது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் அழைப்பு ஒரு நுகத்தோடு முடிகிறது என்பதை மறந்துவிடுகிறோம். "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது." சிறுவயதில் இந்த மெதுவாய் என்ற சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஆண்டவருடைய நுகம் வேகமில்லாமல் மெல்ல ஊர்ந்து போகும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். மொழிபெயர்த்தவர்கள் நினைத்தது மென்மையை. கிரேக்கச் சொல் இதமானது, உறுத்தாதது என்பதைக் குறிக்கிறது. ஆனால் என் சிறுபிள்ளைப் பொருளிலும் சிறிது உண்மை இருப்பதாகவே இப்போது தோன்றுகிறது. முதல் இளைப்பாறுதலை நான் தருவேன் என்கிறார். நுகத்தை ஏற்றுக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபின் வரும் இரண்டாவது இளைப்பாறுதல் உங்களுக்குக் கிடைக்கும் என்கிறார். முதலாவது வரும்போதே கையில் தரப்படுவது. இரண்டாவது நடக்க நடக்க வழியில் கிடைப்பது, அது மெதுவாகத்தான் கிடைக்கிறது.

எல்லாவற்றையும் இறக்கிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கலாத்தியர் 6ஆம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லிவிட்டு, ஐந்தாம் வசனத்தில் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே என்கிறார் பவுல். தமிழில் இரண்டும் பாரம். கிரேக்கத்தில் முதலாவது அழுத்தி நசுக்கும் கனம்; இரண்டாவது ஒருவனுக்கென்று அளந்து கொடுத்த சுமை, 'என் சுமை இலகு' என்று ஆண்டவர் சொன்ன அதே சொல். படுக்கையில் கிடக்கும் தாயைக் கவனிப்பவரிடம் போய்ப் பாரத்தை இறக்கிவையுங்கள் என்று சொல்லக்கூடாது; போய் ஒரு முனையைப் பிடிக்கவேண்டும். பிள்ளையை அடக்கம்பண்ணியவரிடம் அந்த வசனத்தை நீட்டுவதும் கொடுமை. பவுல் தன்னை முள்போல் குத்திக்கொண்டிருந்த உபாதையை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார், அது எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. மனச்சோர்வால் படுத்தவரை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தீர்க்கதரிசி எலியா நினைவுக்கு வருகிறார். சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது தூக்கமும் அடையும் தண்ணீரும். மருத்துவரும் மருந்தும் தேவைப்படும் இடத்தில் அவையும் அந்த அடையைச் சேர்ந்தவையே.

விசுவாசத்தில் வளர்வது என்று நாம் சொல்வதை அளந்து காட்ட என்னிடம் கோல் இல்லை. சில சிறிய மாற்றங்களை மட்டும் சொல்லலாம். என் ஜெபம் குட்டையாகிவிட்டது. முன்பு அதில் பாதிக்கு மேல் தேவனுக்கு நான் கொடுத்த விளக்கங்கள். பிரசங்கம் எனக்குச் சொல்லப்படுகிறது என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அது எப்போதும் இனிமையான அனுபவமாக இருப்பதில்லை. என்னைத் திருத்தும் ஒரு வார்த்தையைக் கேட்டால் உடனே ரசீதைத் தேடும் பழக்கம் குறைந்திருக்கிறது. பிறருடைய கவலையைக் கேட்கும்போது, நடுவில் புகுந்து என் கதையைச் சொல்லாமல் இருக்க முடிகிறது. கையில் இடம் இருப்பது இதற்குத்தான் உதவுகிறது போலும். அந்த மனிதர் குணமடைந்து ஆலயத்துக்கு வருகிறார். நாங்கள் நண்பர்களாகிவிடவில்லை. அவருடைய பேச்சு சுருக்கென்று குத்துவது இன்னும் அப்படியே இருக்கிறது. சென்ற மாதம்கூட யாரோ ஒருவரை அப்படிச் சொல்லிவைத்தார். வாசலில் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறோம், அவர் உடல்நலம் எப்படி என்று கேட்கிறேன், பதிலை நின்று கேட்கிறேன்.

தணிக்கை நகலை எரிக்கவோ கிழிக்கவோ இல்லை. ஒரு விடுமுறை நாளில் பழைய மின்கட்டணச் சீட்டுகளையும் காலாவதியான உத்தரவாத அட்டைகளையும் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அதையும் அந்தக் குவியலில் சேர்த்தேன். மடிப்புகள் தேய்ந்து, விரித்தால் நான்கு துண்டாகிவிடும் நிலையில் இருந்தது. விரிக்கவில்லை.

வேதாகமம் மட்டும் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் விழுகிறது. புதிதாகத் தைத்துத் தரட்டுமா என்று புத்தகம் கட்டுகிறவர் ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். காலையில் எடுக்கும்போது முப்பத்தைந்தாம் சங்கீதம் திறந்துகொள்கிறது; பதின்மூன்றாம் வசனத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, அன்றைக்குரிய பகுதிக்குப் பக்கங்களைப் புரட்டுகிறேன்.